சுவரில் ஓதமா? காரணத்தைக் கண்டுபிடிச்ச பிறகு காசை எடுப்போம்



இந்த மாதப் பாடம் கடன் கணக்கு பற்றியது இல்லை. கொத்து வேலை பற்றியது. "நமக்கு எதுக்கு இது? அதுக்குத்தான் கொத்தனார் இருக்காரே" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம்மில் பல குழுக்கள் இப்போது நிலக்கடலை, உளுந்து, புளி, மிளகாய் என்று சேர்ந்து வாங்கி இருப்பு வைத்து, விலை ஏறும்போது விற்கிறோம். தனியாகக் கிடங்கு கட்டப் பணம் இருக்காது. ஊரில் யாராவது டிராக்டரோ லோடு ஆட்டோவோ நிறுத்தக் கட்டிய செங்கல் ஷெட் சும்மா கிடந்தால், அதை வாடகைக்குப் பிடிக்கிறோம். வெயில் காலத்தில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி அடைமழை ஆரம்பித்ததும் சுவர் ஓதம் அடிக்கும், சுண்ணாம்பு பொரிந்து உதிரும், மூட்டை அடியில் கை வைத்தால் சில்லென்று இருக்கும்.

ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலை, ஐப்பசி கார்த்திகையில்தான் வீட்டுக்கு வரும். அதாவது சரக்கு உள்ளே வருகிற நேரமும் சுவர் நனைகிற நேரமும் ஒன்றுதான். கடன் வாங்கிப் போட்ட பணம் அந்த மூட்டைகளில்தான் இருக்கிறது.

பணம் மட்டும் என்றாலும் பரவாயில்லை. ஈரம் பட்ட கடலையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இந்தப் பூஞ்சணம் இருந்தது தெரிந்தது. அதுவரை இப்படி ஒரு நஞ்சு இருப்பதே யாருக்கும் தெரியாது. இது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முழுசாகப் போகாது. "மனுஷருக்கு ஆகாது, மாட்டுக்குப் போடலாம்" என்று நாம் செய்கிறோமே, அதுவும் கூடாது. மாடு தின்றால் பாலில் வரும், அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்.

ஆகையால் ஓதம் என்பது சுவரின் அழகுப் பிரச்சினை இல்லை.

செங்கல் எப்படித் தண்ணீர் குடிக்கிறது?

அகல் விளக்கில் எண்ணெய் அடியில் இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை யார் மேலே தூக்கிக் கொடுத்தது? திரி. திரியில் உள்ள மெல்லிய இடைவெளி வழியாக எண்ணெய் தானாக ஏறுகிறது. செங்கல்லும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளைகள் அதற்குள் இருக்கின்றன. அடி ஈரத்தில் நின்றால், மேலே உறிஞ்சிக்கொண்டே போகும்.

இதைக் கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி, காய்ந்த செங்கல் ஒன்றை நிமிர்த்தி நிறுத்துங்கள். வரவு செலவு வாசித்து முடிப்பதற்குள் ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எல்லோரும் பார்க்கலாம். இன்னொரு காய்ந்த செங்கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வைத்து, எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணக் கட்டு வேலைச் செங்கல் தன் எடையில் 100-க்கு 20 பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது கணக்கு. 3 கிலோ செங்கல் என்றால் 600 கிராமுக்கு மேல் கூடக் கூடாது. சரியாக வேகாத செங்கல் இதைவிட நிறையக் குடிக்கும். புதிதாகக் கட்டுகிற சகோதரிகள் லோடு இறக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யலாம், தராசு இருந்தால் போதும்.

மண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தைத் தடுக்கத்தான், பேஸ்மட்டத்துக்கு மேலே சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு பட்டை போடுவார்கள். வாட்டர் புரூஃப் மருந்து கலந்த கெட்டிக் கலவையிலோ கான்கிரீட்டிலோ போடுவது. கொத்தனார்கள் 'டி.பி.சி.' என்பார்கள். வீடு கட்டும்போது பெரும்பாலும் இதைப் போடுகிறார்கள். வண்டி நிறுத்துகிற ஷெட்டுக்கு? "வண்டிதானே நிக்கப் போகுது" என்று விட்டுவிடுவார்கள்.

வண்டி ஷெட்டில் ஏன் அதிகம்?

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். வண்டி ஏறி இறங்க வசதியாகத் தரையை வாசல் மண் மட்டத்துக்கே போட்டிருப்பார்கள். பேஸ்மட்டம் என்பதே இருக்காது. சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம், நடுவில் தூண் மட்டும் ஒன்பது அங்குலம். வெளிப்பக்கம் பூசியிருக்க மாட்டார்கள். மேலே தகர ஷீட்டோ சிமெண்ட் ஷீட்டோ இருக்கும், தண்ணீர் வடிய வாய்க்கால் தகரம் இருக்காது. ஜன்னல் ஒன்றுகூட இருக்காது, ஷட்டர் மட்டும்தான். பக்கத்திலேயே வீட்டுக் குளியலறைத் தண்ணீர் போகும், மாடு கட்டியிருக்கும்.

போதாததற்குத் தெரு. ஒவ்வொரு முறை சிமெண்ட் ரோடு போடும்போதும் பழையதைத் தோண்டாமல் அதன் மேலேயே போட்ட ஊர்கள் எத்தனை! இருபது வருஷத்துக்கு முன் கட்டியபோது தெருவைவிட ஒரு படி மேலே இருந்த ஷெட், இன்றைக்கு ஒரு படி கீழே இருக்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் நேராக உள்ளே. இதற்குக் கொத்தனார் என்ன செய்வார்? இது கிராம சபையில் பேச வேண்டிய விஷயம். ரோடு போட்ட பிறகு புலம்புவதைவிட, அளவெடுக்க வரும்போதே நாலு பெண்கள் போய் நின்று, "பழசைக் கொத்திட்டுப் போடுங்க சார், வீடெல்லாம் பள்ளமாயிடுச்சு" என்று சொல்வது நல்லது.

எந்த வழியாக வருகிறது?

ஒரு குழு ஷெட் வாடகைக்கு எடுத்திருக்கிறது, சுவர் ஓதம் என்று வைத்துக்கொள்வோம். தலைவி கொத்தனாரைக் கூப்பிடுகிறார். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, இது எதனால வருது?"

"பழைய சுவரு அக்கா. கொத்தி விட்டுட்டு வாட்டர் புரூஃப் போட்டுப் பூசி, மேல பெயிண்ட் அடிச்சிட்டா சரியாயிடும்."

"அதில்ல அண்ணே, தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு கேக்குறேன். மேலேயிருந்தா, கீழேயிருந்தா, வெளியேயிருந்தா?"

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் கிடைக்கும் வரை பணத்தை எடுக்கக் கூடாது. தண்ணீர் வர வழிகள் நிறைய இல்லை. ஈரம் இருக்கும் இடம், அது வரும் நேரம், அதன் வடிவம், இந்த மூன்றையும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

தரையை ஒட்டித் தொடங்கி, முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ வரை ஒரே பட்டையாக ஈரம் இருக்கிறது, அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது, மழை நின்று வாரக் கணக்கானாலும் முழுசாகக் காயவில்லை என்றால், அது மண்ணிலிருந்து ஏறுகிற ஓதம். சாதாரணமாக 3 அடி, 4 அடிக்கு மேல் இது ஏறாது. ஏறிய தண்ணீர் காற்றில் காய்ந்துபோகும், அதில் கரைந்திருந்த உப்பு சுவரிலேயே தங்கிவிடும். அதுதான் பூ மாதிரி பூக்கிறது. உவர் நிலத்திலும் கடற்கரை ஊர்களிலும் இது அதிகம். மாட்டு மூத்திரம் ஊறுகிற சுவரிலும் உப்பு பூத்து, செங்கல்லே மாவாக உதிரும்.

மழை அடித்த மறுநாள் சுவரின் நடுவில் திட்டுத் திட்டாக ஈரம் தெரிந்து, நாலு நாள் வெயிலில் காய்ந்துவிடுகிறது, அதுவும் மழைச் சாரல் அடிக்கிற பக்கத்துச் சுவரில் மட்டும் என்றால், வெளியிலிருந்து ஊடுருவுகிற தண்ணீர். செங்கல் இணைப்பில் கலவை கொட்டிப்போயிருக்கும், அல்லது விரிசல் இருக்கும். நாலரை அங்குலச் சுவர் ஒரு அடைமழையைத் தாங்குவதே கஷ்டம்.

சுவரின் உச்சியில் தொடங்கி, கோடு கோடாகக் கீழே இறங்கினால் கூரைதான். ஷீட்டில் போல்ட் போட்ட ஓட்டை, ஷீட்டும் சுவரும் சேருகிற இடம், தளமாக இருந்தால் கைப்பிடிச் சுவரின் அடி, தண்ணீர் இறங்குகிற குழாய் வாய், இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மழையே இல்லை, மார்கழி விடியலில் ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துச் சொட்டுகிறதா? அது ஒழுகல் இல்லை. ராத்திரிப் பனியில் ஷீட் குளிர்ந்துபோகிறது. உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் அதில் பட்டுத் தண்ணீராகிறது. சோற்றுப் பானை மூடியில் வேர்க்கிறதே, அதே கதை. சரியாகக் காயாத கடலையை உள்ளே அடுக்கினால் இது இன்னும் அதிகமாகும். இதற்கு ஷீட்டின் மேலே ஏறித் தார் பூசினால் ஒரு பயனும் இல்லை.

கடைசியாகக் குழாய். சுவருக்குள் போகிற பைப், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தண்ணீர்க் குழி. கோடையிலும் ஒரே இடத்தில் ஈரம் மாறாமல் இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஒரே ஷெட்டில் இரண்டு காரணம் சேர்ந்தும் இருக்கலாம். நடைமுறையில் அப்படித்தான் அதிகம் இருக்கிறது.

காசில்லாத மூன்று சோதனை

முதல் சோதனை பென்சில் கோடு. ஈரம் எதுவரை இருக்கிறதோ, அதன் விளிம்பைச் சுவரிலேயே பென்சிலால் வரைந்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நல்ல மழைக்கு மறுநாள் ஒரு கோடு, பத்து நாள் வெயிலுக்குப் பிறகு ஒரு கோடு. ஒரு மாதத்தில் சுவரே உங்களிடம் கதை சொல்லிவிடும். மழையோடு கோடு ஏறி இறங்கினால் வெளித் தண்ணீர், அசையாமல் நின்றால் மண் ஈரமோ குழாயோ.

இரண்டாவது பிளாஸ்டிக் சோதனை. ஒன்றரை அடிச் சதுரத்தில் நல்ல கனமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். தரையில் டேப் ஒட்டாவிட்டால், ஓரங்களில் இடைவெளி இல்லாமல் காய்ந்த மணலைக் கொட்டி அழுத்தலாம். ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் வேர்த்திருந்தால், அல்லது அந்த இடம் மட்டும் கறுத்திருந்தால், ஈரம் தரைக்கு உள்ளேயிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் வேர்த்திருந்தால், அறைக் காற்றில் உள்ள ஈரம். சுவரிலும் இதைச் செய்யலாம், ஆனால் உதிர்கிற சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, தளத்துக்கு. தண்ணீர் இறங்கும் வாயை அடைத்து, களிமண்ணால் பாத்தி கட்டி, ஒரு பகுதியில் மட்டும் 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் பாருங்கள். பிறகு அடுத்த பகுதி. எந்தப் பகுதியில் நிறுத்தும்போது கீழே ஈரம் வருகிறதோ, அங்கேதான் வேலை. ஷீட் கூரை என்றால் பகலில் உள்ளே நின்று ஷட்டரை மூடிக்கொண்டு மேலே பாருங்கள், வெளிச்சம் வருகிற இடமெல்லாம் தண்ணீரும் வரும்.

எந்தச் சோதனைக்கு முன்னும் ஒரு எச்சரிக்கை. ஓதச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால், மெயினை அணைக்காமல் அந்தச் சுவரில் கை வைக்காதீர்கள். கொத்துவது, சுரண்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். சரி செய்யும்போது போர்டைக் காய்ந்த சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

உள்பக்கம் பூசினால் என்ன தப்பு?

நம் கொத்தனார் அண்ணன் சொன்ன வைத்தியத்துக்கு வருவோம். மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிற சுவரில், உள்பக்கம் கெட்டிச் சிமெண்ட் பூச்சும் வாட்டர் புரூஃப் பெயிண்டும் அடித்தால், முதல் ஆறு மாதம் பளபளவென்று இருக்கும். உள்ளே தண்ணீர் ஏறுவது நிற்கவில்லை. வெளியே காயும் வழியைத்தான் அடைத்திருக்கிறோம். அது என்ன செய்யும்? இன்னும் மேலே ஏறும். இடுப்பு உயரத்தில் நின்ற ஓதம் நெஞ்சு உயரத்துக்கு வரும். பின்னால் சேருகிற உப்பு, பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிவிடும். மறுவருஷம் மறுபடி செலவு. வழிகிற பானையை மூடி வைத்து அழுத்துவது போன்ற வேலை இது. வெளியிலிருந்து வரும் மழைத் தண்ணீரை வெளிப்பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும், கீழிருந்து வருவதைக் கீழேயே நிறுத்த வேண்டும். விளம்பரத்தில் என்ன காட்டினாலும் இதுதான் நியாயம்.

சரி செய்வது எப்படி?

முதலில் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம். பல ஷெட்டுகளில் மண்வெட்டி வேலையிலேயே பாதி ஓதம் போய்விடும்.

சுவரை ஒட்டி வெளியே குவிந்த மண், எருக்குப்பை, விறகு, உடைந்த ஓடு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். வெளி மண் மட்டம் உள் தரையைவிட அரை அடியாவது தாழ்வாக இருக்க வேண்டும். ஆனால் ஆசையில் ஆழமாக வெட்டிவிடாதீர்கள். ஷெட்டுச் சுவருக்குக் கடைக்கால் ஆழம் குறைவாக இருக்கும், அடி தெரிகிற அளவு தோண்டினால் சுவர் சாய்ந்துவிடும். தோண்ட முடியாத இடத்தில் தண்ணீர் விலகி ஓட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். சுவரைச் சுற்றி 2 அடி அகலத்துக்குச் செங்கல் ஜல்லியோ கான்கிரீட்டோ போட்டு, வெளி ஓரம் 2 அங்குலம் தாழ்வாக வாட்டம் கொடுத்தால், விழுகிற தண்ணீர் சுவரடியில் நிற்காது. மாட்டை வேறு இடத்தில் கட்டுங்கள். குளியலறைத் தண்ணீரைச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி உறிஞ்சு குழியில் விடுங்கள், இல்லாவிட்டால் நாலு வாழை வைத்து அதற்குப் பாய்ச்சுங்கள்.

அடுத்தது கூரைத் தண்ணீர். இதை நாம் மிகவும் சாதாரணமாக நினைக்கிறோம். 10 அடிக்கு 18 அடி ஷெட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே அந்தக் கூரையில் 160 லிட்டருக்கு மேல் விழும். பெரிய குடத்தில் பத்துப் பதினோரு குடம். 5 சென்டிமீட்டர் மழை என்றால் 50 குடத்துக்கும் மேல். அவ்வளவும் ஷீட் நுனியிலிருந்து நேராகச் சுவரடியில் கொட்டி, சேற்றோடு தெறித்து, சுவரை நனைக்கிறது. தகர வாய்க்கால் வைத்து ஒரு மூலைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் பிடித்தால் ஓதமும் குறையும், மாட்டுக்குத் தண்ணீரும் கிடைக்கும். வாய்க்கால் வைக்க முடியாவிட்டால் ஷீட்டைச் சுவருக்கு வெளியே ஒன்றரை அடியாவது நீட்டுங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பென்சில் கோட்டைப் பாருங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. அதற்குப் பிறகும் ஓதம் இருந்தால்தான் பெரிய வேலை.

சாரல் பக்கத்துச் சுவருக்கு: செங்கல் இணைப்பில் உதிர்ந்த கலவையை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசி போகத் தண்ணீர் அடித்து, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல் கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். அதன் மேல் வெளிப்பூச்சு அரை அங்குல கனத்துக்கு, 1-க்கு 4 அல்லது 5. வாட்டர் புரூஃப் மருந்து சேர்ப்பது இந்த வெளிப்பூச்சில்தான். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும், ஒரு மூட்டை சிமெண்டுக்கு இவ்வளவு என்று. அதைப் படித்து அளந்து ஊற்றுங்கள், கை அளவு வேண்டாம். பூசிய பிறகு 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். கொத்தனார் போய்விடுவார், இதை நாம்தான் செய்ய வேண்டும். காட்டாவிட்டால் பூச்சில் நூல் நூலாக விரிசல் விழும், அது போதும் சாரல் புகுவதற்கு.

தளத்துக்கு: வாட்டம்தான் உயிர். 10 அடிக்கு 2 அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் நிற்காது. செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டோடு பதிப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம், இன்றைக்கும் அது நல்ல வேலைதான். ஷீட் கூரையில் போல்ட் ஓட்டைக்கு ரப்பர் வாஷரும் தார் வாஷரும் மாற்றினால் பெரும்பாலும் போதும். சிமெண்ட் ஷீட் மேல் ஆளை ஏற்றும்போது பலகை போட்டுத்தான் ஏற்ற வேண்டும், ஷீட் உடைந்து விழுந்து உயிர் போன வீடுகள் உண்டு.

தரை ஓதத்துக்கு: சொந்த ஷெட் என்றால் தரையை உயர்த்துவது நல்ல வழி. பழைய தரை மேல் ஜல்லி போட்டு இடித்து, மணல் பரப்பி, கனமான பாலித்தீன் ஷீட்டை ஓட்டை இல்லாமல் விரிக்க வேண்டும். இரண்டு ஷீட் சேருகிற இடத்தில் ஒரு அடி ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், சுவரோரம் அரை அடி மேலே மடித்துவிட வேண்டும். அதன் மேல் 3 அங்குலம் கான்கிரீட். வாசலில் வண்டி ஏறச் சாய்வு போட்டுக்கொள்ளலாம்.

சுவரில் ஏறும் மண் ஈரத்துக்கு, பட்டையே இல்லாத பழைய சுவரில் புதிதாகப் பட்டை புகுத்துவதும் உண்டு. சுவரின் அடியில் 2 அடி நீளம் மட்டும் ஒரு வரிசைச் செங்கல்லை எடுத்து, கடப்பாக் கல்லோ மருந்து கலந்த கெட்டிக் கலவையோ வைத்து இறுக்கி, அது இறுகிய பிறகு இடைவெளி விட்டு அடுத்த இடம் என்று போக வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் சுவர் இறங்கிவிடும். இதைப் பொறியாளர் பார்க்காமல் செய்யக் கூடாது. அடியில் வரிசையாகத் துளை போட்டு மருந்து செலுத்தும் முறையும் இருக்கிறது. இரண்டுமே செலவு அதிகம். வாடகை ஷெட்டுக்கு இவ்வளவு செய்வது நமக்குக் கட்டுப்படியாகாது, வேறு இடம் பார்ப்பதே மேல். புதிதாகக் கட்டுகிறவர்கள் அந்தப் பட்டையை முதலிலேயே போட்டுவிட்டால் இந்தப் பாடு எதுவும் இல்லை.

காற்று ஈரத்துக்கு: எதிரெதிர்ச் சுவரில் உயரமாக இரண்டு ஜாலி வையுங்கள், எலி வராமல் கம்பி வலை அடியுங்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகு ஷட்டரைத் திறந்து, நாலு மணிக்கெல்லாம் மூடிவிடுங்கள். மழை நாளில் "காத்தாடட்டும்" என்று திறந்து வைத்தால் ஈரக் காற்றுதான் உள்ளே வரும். ஷீட்டுக்கு அடியில் தென்னங்கீற்றோ மூங்கில் பாயோ கட்டினால் பனி சொட்டுவது குறையும்.

காரணம் போனாலும் சுவர் உடனே காயாது

இதில்தான் பலருக்குப் பொறுமை போகிறது. தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டோம், ஒரு மாதம் ஆகிறது, சுவர் இன்னும் ஈரம், "வேலை சரியில்லை" என்று கொத்தனாரோடு சண்டை. சுவர் கனத்தில் ஒரு அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடக்காரர்களின் பொதுக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் அடுத்த மழைக்காலம் வரைக்கும்கூட இழுக்கும். அதற்குள் உள்பூச்சு பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. பொரிந்த பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைத் திறந்தே விடுங்கள். பூக்கிற உப்பைக் காய்ந்த தென்னை ஈர்க்கு விளக்குமாறால் தட்டி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உப்பு ஊறிய பழைய பூச்சை அப்படியே வைத்திருந்தாலும் வம்புதான், அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பொங்கலுக்குப் பிறகு கொத்திவிட்டு, மாசியிலிருந்து வைகாசி வரை வெயிலில் காயவிட்டு, ஆனியில் சுண்ணாம்புப் பூச்சு பூசுவது நல்ல கணக்கு. சுண்ணாம்பு, சிமெண்டைப் போல் அடைத்துக்கொள்ளாது, சுவரின் மிச்ச ஈரம் வெளியேற விடும்.

அதுவரை சரக்கை எப்படி வைப்பது? மூட்டையை வெறும் தரையில் வைக்கவே வேண்டாம். அரை அடி உயரத்துக்குக் கட்டை, பலகை போட்டு, அதன் மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒன்றரை முதல் 2 அடி தள்ளி அடுக்கினால், சுவரும் காயும், நாமும் சுற்றி வந்து பார்க்கலாம். நெல் ஈரப்பதம் 14-க்கு மேலும், கடலைக்காய் 8-க்கு மேலும் இருந்தால் உள்ளே ஏற்ற வேண்டாம். ஈரமானி இல்லாத குழு, காயைக் குலுக்கிப் பார்க்கலாம்: பருப்பு உள்ளே கலகலவென்று சத்தம் போட வேண்டும். வாரம் ஒருமுறை அடி மூட்டையில் கையை விட்டுப் பாருங்கள். சூடாகவோ கமறலாகவோ இருந்தால் அன்றைக்கே வெளியே எடுத்துக் கொட்டிக் காய வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைத் தனியாகப் பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், வாயில் போட்டு ருசி பார்க்காதீர்கள்.

வாடகைக்கு எடுக்கும் முன்

ஷெட் பார்க்கப் போகும்போது ஒருவர் மட்டும் போக வேண்டாம், மூன்று பேராவது போங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். புதிதாக வெள்ளை அடித்திருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், சுவரின் அடியைக் கையால் தேய்த்துப் பாருங்கள், மாவாக ஒட்டுகிறதா, உப்பு கரிக்கிறதா என்று. வெளியே சுற்றி வந்து மண் எங்கே நிற்கிறது, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம், "மழைக்கு இங்க தண்ணி நிக்குமாக்கா?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

பேச்சு முடிந்ததும் உடன்படிக்கையில் எழுத வேண்டியது: கூரை, சுவர் பழுது யார் செலவு, குழு செய்தால் வாடகையில் எப்படிக் கழிப்பது, எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் முன்பணம் எப்போது திரும்பும். வாய்ப்பேச்சாக விடாமல், தீர்மான நோட்டிலும் ஏற்றி, உரிமையாளர் கையெழுத்தோடு ஒரு நகலைக் குழுக் கோப்பில் வையுங்கள். சுவரில் இருக்கும் ஓதத்தைப் போட்டோ எடுத்து அதோடு சேர்த்து வைத்தால், "நீங்க வந்த பிறகுதான் இப்படி ஆச்சு" என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.